வாயில் வராத பெயர்

உல்ஜானுக்குப் போன்தான் மூத்த பிள்ளை என்று தெருவில் கேலி பேசுவார்கள். அது சரியில்லை. பெற்ற பிள்ளைகள் இரண்டையும் அவள் எப்போதாவது பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வந்ததுண்டு. போனை ஒருநாளும் மறந்ததில்லை. மாவு பிசையும்போது சட்டிக்குப் பக்கத்தில், தூங்கும்போது தலையணைக்கு அடியில் என்று அது அவளோடேயே கிடந்தது. பேருந்துச் சீட்டு அதில், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அதில், எல்லாவற்றுக்கும் மேலே புருஷன் அதில் இருந்தான். மக்சுத் மேற்கே எண்ணெய் வயலில் வேலை செய்தான். மாதத்தில் பாதி அங்கே, பாதி வீட்டில். அங்கே இருக்கும் நாட்களில் நாளுக்கு நாலு தடவை திரையில் முகம் காட்டுவான். அந்த முகத்தை வைத்துத்தான் அவள் பொழுது நகர்ந்தது. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது? கேலி பேசியவர்களும் கையில் போனை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

புருஷன் வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமனார் தொடங்கித் தொட்டிலில் கிடக்கும் கொழுந்தன் வரைக்கும் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். உல்ஜான் கல்யாணமாகி வந்து இறங்கிய அன்று கொழுந்தனுக்குப் பதின்மூன்று வயது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பெட்டியை அங்க வைங்க, ஆட்டை இந்தப் பக்கம் கட்டுங்க" என்று பெரியவர்களையெல்லாம் ஏவிக்கொண்டிருந்தான். முக்காட்டுக்குள் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரிங்க தலைவரே" என்றாள். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முதல் அவன் தலைவர். வளர்ந்து டயர் கடையில் வேலைக்குப் போய், தாடி வைத்த பிறகும் தலைவர்தான். அவள் போனிலும் அவன் எண் அப்படித்தான் இருந்தது.

அவனுடைய சொந்தப் பெயர் ஒராஸ். நோன்பு மாதத்தில் பிறந்தவன் என்பதால் வைத்த பெயர். நோன்புக்கு ஒராஸா என்றுதானே சொல்ல வேண்டும்? உல்ஜான் அதையும் சொல்ல மாட்டாள். "வாய் கட்டுற மாசம் வரப்போகுது" என்பாள். மாமியார் ராபிகாவுக்குப் பெருமை பிடிபடாது. "எம் மருமக வாயில இந்த வீட்டு ஆம்பளைங்க பேர் ஒண்ணுகூட வந்ததில்லை. இப்ப வர்ற பொண்ணுங்க மாமனாரையே பேர் சொல்லிக் கூப்பிடுதுங்க" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எரிவாயு விலை ஏறிய குளிர்காலத்தில், சதுக்கத்தில் போராட்டக் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் இணையத்தை நிறுத்திவிட்டார்கள், பேசும் லைனும் போயிற்று. மக்சுத் மேற்கே. உல்ஜான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நடந்தாள். அங்கேயும் சுடுகிறார்களா, அவன் சாப்பிட்டானா, இவர்கள் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியுமா? நாலு நாள் இப்படியே போயின. ஐந்தாம் நாள் காலையில், தபால் ஆபீஸ் பக்கம் லைன் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். உல்ஜான் உடனே கோட்டை மாட்டிக்கொண்டாள்.

தலைவர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அம்மாவுக்குச் செருப்பு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். டயர் கடை மூடிக் கிடந்தது. சதுக்கத்தின் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ராபிகா விடவில்லை.

"அண்ணி, வழியில மடக்கிப் போனைத் தொறந்து பாக்குறாங்களாம். வெச்சுட்டுப் போங்க" என்றான்.

"ஏன் தலைவரே, லைன் தேடிப் போறவ போனை வெச்சுட்டா போவா? குதிரையை வீட்டுல கட்டிட்டு சவாரி போகச் சொல்றீங்களா?"

"தபால் ஆபீஸ்ல யார் போனையாவது வாங்கிப் பேசுங்க."

"உங்க அண்ணன் நம்பர் எனக்கு மனப்பாடமா என்ன? எல்லாம் இதுக்குள்ளதான கிடக்கு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "புருஷன் பேரும் வாயில வராது, நம்பரும் வராது. நல்ல பொண்டாட்டி!"

பாலம் இறங்கும் இடத்தில் போலீஸ் நின்றது. முகமூடி போட்ட இரண்டு இளவட்டங்கள், கூட ஒரு நடுவயது அதிகாரி. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"போனைத் தொறந்து குடுங்கம்மா."

"எதுக்குங்க? வீட்டுக்காரர்கிட்டப் பேசப் போறேன், அவ்வளவுதான்."

"தொறக்க இஷ்டம் இல்லைன்னா பரவால்ல. போனை மட்டும் வெச்சுட்டுப் போங்க. ஒரு வாரம் கழிச்சு ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கலாம்."

ஒரு வாரம்! நாலு நாளிலேயே அவளுக்கு நெஞ்சு வறண்டு போயிருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, பிள்ளைகளின் படமும் ரொட்டி சுடும் வீடியோவும்தானே என்று நினைத்தாள். கட்டைவிரலை வைத்துத் திறந்து கொடுத்தாள்.

அதிகாரி கையுறையைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். படங்கள், வீடியோக்கள், குறுஞ்செய்திகள். ஓரிடத்தில் விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்.

"தலைவரே, எல்லாரும் கூடியாச்சு. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். பெரிய கத்தியும் கோடாலியும் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கு விடக் கூடாது, வெட்டிரணும்."

பதிலையும் படித்தார். "வர்றேன் அண்ணி. ஆளுங்களை நிறுத்தி வைங்க."

"யாரும்மா இந்தத் தலைவர்?"

உல்ஜானுக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, அது என் கொழுந்தனுங்க. போன மாசம் குளிர்காலக் கறிக்குக் குதிரை வெட்டினோம். அப்ப அனுப்பினது."

முகமூடிக்குள் ஒருவன் சிரித்தான். அதிகாரியும் சிரித்தார். "தெரியும்மா. எங்க வீட்லயும் போன மாசம்தான் வெட்டினோம். எம் பொண்டாட்டி எந் தம்பியை ராஜான்னுதான் கூப்பிடுவா."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்ம ஆள், நம்ம வழக்கம் தெரிந்தவர் என்று நினைத்தாள்.

"கொழுந்தன் பேர் என்ன?"

உல்ஜான் வாயைத் திறந்தாள். மூடினாள். பதினோரு வருடமாக நாக்கு போகாத இடம் அது.

"எழுதித் தரட்டுங்களா? நான் சொல்லக் கூடாதுங்க."

"வாயால சொல்லுங்கம்மா. சொல்லாம மறைச்சா அது வேற மாதிரி ஆயிடும்."

பின்னால் வரிசை நீண்டது. யாரோ "சீக்கிரம் சொல்லித் தொலை தாயே, குளிருது" என்று கத்தினார்கள். போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ஒராஸ்" என்றாள். கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல முகம் சிவந்துபோயிற்று. "ஒராஸ் கலியேவ்."

வீட்டு விலாசமும் கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, பதிவுக்கு" என்றார். திரையில் விழுந்திருந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அது தன் கைக்கு வந்ததும் உல்ஜான் அவருக்கு நன்றி சொன்னாள். நன்றி! பின்னாளில் எத்தனையோ தடவை அந்த ஒரு சொல்லுக்காகத் தன்னைத்தானே சபித்துக்கொண்டாள்.

தபால் ஆபீஸ் சுவரோரம் லைன் கிடைத்தது. மக்சுத்தின் முகம் தெரிந்ததும் அழுதாள், அப்புறம் சிரித்தாள். பாலத்தில் நடந்ததைச் சொன்னாள்.

"உங்க தம்பியை நிஜத் தலைவர்னு நெனச்சுட்டாங்க!"

"அவனா? ஒரு டயரைக் கழட்டவே ரெண்டு ஆள் வேணும் அவனுக்கு!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அரை மணி நேரம் பேசினாள். பேட்டரி தீரும் வரைக்கும் பேசினாள்.

வீடு திரும்பியபோது வெளிக்கதவு திறந்து கிடந்தது. பனியில் பெரிய வண்டியின் தடம். ராபிகா தலைத்துணி நழுவிப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாதி தைத்த செருப்பு.

"தலைவர் யாருன்னு கேட்டுட்டு வந்தாங்க. நாந்தான் சார், எங்க அண்ணி அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சான். சிரிக்கிற வாயிலயே அடிச்சாங்கடி."

உல்ஜான் குனிந்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்தாள்.

"பேரு, ஊரு எல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. யாருடி சொன்னது?"

உல்ஜான் அழுததிலேயே ராபிகாவுக்கு விளங்கிவிட்டது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பதினோரு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லாத பேரை அவன்கிட்டயா போய்ச் சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

உல்ஜான் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தாள். பாலத்து அதிகாரியை ஒருநாள் வாசலில் பார்த்துவிட்டாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "உங்களுக்குத் தெரியுமேங்க, அது குதிரைதான்னு!" அவர் அவளை அடையாளம் தெரிந்துகொண்டார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "மேலிடத்துல ஒரு தலைவரைப் பிடிச்சுக் குடுக்கச் சொன்னாங்கம்மா. எங்க பகுதியில இருந்து ஒருத்தர்கூட இல்லைன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழக்குக்கு வந்த வக்கீலம்மா இளம்பெண். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் கேட்டாள்.

"போனைத் தொறக்க முடியாதுன்னு ஏங்கா சொல்லலை? உத்தரவு இல்லாம அவங்க கேட்டதே தப்பு."

"சொன்னா போனைப் பிடுங்கி வெச்சுக்குவாங்களே."

"வெச்சுக்கட்டுமே, அக்கா."

வெச்சுக்கட்டுமே! எவ்வளவு சின்ன விஷயம். ஒரு வாரம் போன் இல்லாமல் இருந்திருந்தால் செத்தா போயிருப்பாள்? அன்று மிரட்டவில்லை, அடிக்கவில்லை. வைத்துவிட்டுப் போ என்றுதான் சொன்னார்கள். விரலை வைத்தவள் அவள்தான். ஆனால் போனை விட்டாளா? இல்லை. வக்கீலம்மா எப்போது கூப்பிடுவாள் என்று முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு திரிந்தாள்.

ஐந்து மாதம் கழித்து அவனைச் சிறையிலிருந்து விட்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்று ஒரு தாள். வாசலில் பேரிமரம் காய்த்திருந்தது. மக்சுத் லீவு போட்டு வந்து ஆடு வெட்டினான். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். தட்டு நிறையப் பவுர்சாக் மாவுருண்டைகள் பொரித்து வைத்திருந்தது. கொழுந்தன் தாடியில்லாமல், பாதி உடம்பாக வந்து நடுவில் உட்கார்ந்தான். இடது காது கேட்கவில்லை போல; பேசுகிறவர்கள் பக்கம் முழுதாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். அவள்மேல் கோபமில்லை என்று காட்டத்தான் சிரித்தான். அதில் முன்பல் இரண்டைக் காணவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உல்ஜானுக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது. இத்தனை நாள் கட்டிவைத்த பயமெல்லாம் போய், பழைய உல்ஜானாகக் கிண்ணத்தில் பாலை ஊற்றினாள், தேநீரை ஊற்றினாள், அவன் வலது பக்கமாகக் குனிந்து நீட்டினாள்.

"குடிங்க தலைவரே."

கிண்ணம் கீழே விழுந்தது. அவன் துள்ளி எழுந்தான். விருந்தாளிகளைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். காலை அகட்டி, கைகளைப் பிடரியில் கோத்து, சுவர்க் கம்பளத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"இருக்கேன் ஐயா" என்றான்.

மக்சுத் எழப் போனவன் பாதியில் நின்றுவிட்டான். உல்ஜான் கொழுந்தனருகே ஓடினாள். மாமியார் இருந்தாள், ஊரார் இருந்தார்கள், எதையும் அவள் பார்க்கவில்லை.

"ஒராஸ்! ஒராஸ், நாந்தான்ப்பா, அண்ணி. வீட்டுல இருக்கே. ஒராஸ்!"

அவன் முதுகு இன்னும் விறைத்தது.

"ஒராஸ் கலியேவ்" என்று சுவரிடம் சொன்னான். "தொண்ணூத்தெட்டு ஜனவரியில பிறந்தவன். மூணாவது அறை, ஐயா."

உல்ஜான் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. அவனைக் கூப்பிட அவளிடம் வேறு பெயர் இல்லை.