தலை தீபாவளிக் கார்

மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீரங்கனுக்குக் கோர்ட்டில் பேசிப் பேசி ஒரு வியாதி வந்திருந்தது. எதற்கும் ஒரு குற்றவாளி அகப்படாமல் அவருக்குச் சோறு இறங்காது. காபி ஆறிப்போனால் பால்காரன். மழை பெய்தால் பஞ்சாங்கம். முப்பத்தேழாம் வருஷத்துத் தீபாவளி முடிந்த சில நாளில், மாப்பிள்ளை வேம்புவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாந்தோம் பக்கம் கார் ஓட்டிக்கொண்டு போனார். பிரேக் மிதி, மிதிக்க மிதிக்கக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கார் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. குற்றவாளி யாரென்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார்.

"ரஹ்மான் என் தலையில கட்டிட்டான், மாப்ளே!"

மாப்பிள்ளை தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஸ்ரீரங்கனுக்கு இருந்தது.

ஹபீபுர் ரஹ்மான் ராயப்பேட்டையில் தோல் வியாபாரி. காலேஜில் ஸ்ரீரங்கனோடு ஒரே பெஞ்சு. இருவருக்கும் வாடா போடாதான். தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளையை ஜட்காவில் அழைத்து வருவதா என்று ஸ்ரீரங்கன் புலம்பப் போய், தாம் ஆசையாக வைத்திருந்த அமெரிக்கக் காரையே இரவல் கொடுத்த மனுஷர். கம்பி இழுக்கிற பழைய பிரேக் இல்லை அது. எண்ணெயின் அழுத்தத்தில் பிடிக்கிற புதுமாதிரி. காலடிப் பலகையைத் தூக்கி, எண்ணெய்த் தொட்டியைக் காட்டி, கூடவே ஒரு டின்னும் கொடுத்து, "குறைஞ்சா இதை மட்டும் ஊத்துடா" என்று சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கன் அப்போது ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைக்கோல் வண்டி விவகாரம் அன்று சாயங்காலமே ஆழ்வார்பேட்டை டென்னிஸ் கிளப்புக்குப் போய்விட்டது. போனது என்ன, ஸ்ரீரங்கனேதான் கொண்டுபோனார். சாட்சி விசாரணை மாதிரி ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரஹ்மானைக் கிளப் காரியதரிசியாக்குவதென்று எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். தலைவர் அனந்தராமன், ஓய்வுபெற்ற ஜட்ஜ், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சிநேகிதனுக்கே ஓட்டை வண்டி கொடுக்கறவன்கிட்டயா கிளப் சாவியைக் கொடுக்கப் போறோம்?"

அதை ரஹ்மான் காதில் போட ஆளா இல்லை? ஞாயிற்றுக்கிழமை காலை அவரே ஸ்ரீரங்கன் வீட்டுக்கு வந்து நின்றார். ஸ்ரீரங்கன் விடுவாரா? எதிர்வீட்டு அனந்தராமனைக் கூப்பிட்டு, காருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பக்கத்தில் மாப்பிள்ளை.

"வாடா, வந்து பாரு உன் வண்டி லட்சணத்தை."

"பாக்கத்தான் வந்தேன், சார்" என்றார் ரஹ்மான்.

அந்த 'சார்' ஸ்ரீரங்கனுக்குச் சுருக்கென்றது. கவனிக்காதவர்போல் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார்.

ரஹ்மான் ஷெர்வானியைக் கழற்றி மாமரக் கிளையில் மாட்டினார். உள்ளே உட்கார்ந்து மிதியை அழுத்தி, காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். மிதி மெல்ல மெல்லத் தரையைத் தொட்டது. படபடவென்று நாலைந்து தடவை மிதித்தார். கெட்டியாக மேலே நின்றது. காலை அழுத்தியபடி இருக்க, மறுபடியும் இறங்கியது.

"காத்து புகுந்திருந்தா மெத்து மெத்துன்னு இருக்கும். இது அப்படி இல்லை" என்றார். நாலு சக்கரத்துக்கும் கீழே பழைய பேப்பர் விரித்து, ஸ்ரீரங்கனையே மிதிக்கச் சொல்லி, மண்ணில் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. குழாய்களைத் தடவினார், விரல் காய்ந்தே இருந்தது.

"எண்ணெய் வெளியே போகலே. ஆனா மிதி இறங்குது. அப்படின்னா தொட்டிக்குள்ளயேதான் நழுவுது."

திருகுகளைக் கழற்றித் தொட்டியை வெளியே எடுத்தார். உள்ளே இருந்து எண்ணெயைத் தள்ளுகிற ரப்பர் வட்டையும் உருவினார். மிச்ச எண்ணெயை ஊற்ற, ஸ்ரீரங்கனின் மனைவி கோமளம் ஒரு எனாமல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ரஹ்மான் சாய்த்தார். மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தார். கடைசிச் சொட்டோடு தட்டில் ஏதோ டக்கென்று விழுந்தது.

ஒரு மிளகு.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கனுக்கு அது எந்த மிளகென்று தெரிந்துவிட்டது. ரப்பர் வட்டு ஊறி, விளிம்பு நெளிந்திருந்தது. நெளிவில் வெடித்த மிளகின் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தீபாவளி விடிகாலையில் கோமளம் நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி, எல்லார் தலையிலும் வைத்தாள். மிஞ்சிய கிண்ணத்தை ஸ்ரீரங்கன்தான் வாங்கிக்கொண்டு கார்க் கொட்டகைக்குப் போனார். வண்டிக்கும் ஒரு பொட்டு எண்ணெய் வைக்கத்தான் போனார். தொட்டியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் குறைச்சல். ரஹ்மானின் டின்னை மோந்தால் விளக்கெண்ணெய் நாற்றம். பண்டிகையும் அதுவுமாய் விளக்கெண்ணெயா? நல்லெண்ணெய் அதைவிட உசத்தியாயிற்றே! கிண்ணத்தோடு கவிழ்த்துவிட்டு, குளித்து, புது வேஷ்டி கட்டிக்கொண்டு, அதை மறந்தும் போனார்.

"என்ன ரஹ்மான், கண்டுபிடிச்சாச்சா?" நாற்காலியிலிருந்து அனந்தராமன் குரல் கொடுத்தார். மாப்பிள்ளையும் எழுந்து நின்றார்.

ரஹ்மான் ஸ்ரீரங்கன் முகத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் விரல்கள் மிளகை மூடிக்கொண்டன.

"ரப்பர் பழசு, ஜட்ஜ் சார். மிதிச்சா எண்ணெய் முன்னால போகாம, வட்டைத் தாண்டிப் பின்னாலயே வந்துடுது. கொடுக்கறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான்."

"நான் சொல்லலை?" என்று அனந்தராமன் மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

ஸ்ரீரங்கனின் வாய் திறந்தது. கோர்ட்டில் மடை திறந்தாற்போல் பேசுகிற வாய். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடிக்கொண்டது.

"புது ரப்பர் நாளைக்கு அனுப்பறேன், சார்." போகும்போது ரஹ்மான் கை குலுக்கினார். குலுக்கிய கையை எடுத்ததும் ஸ்ரீரங்கன் உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த மிளகு இருந்தது. வெட்கத்தில் அவர் காது மடலெல்லாம் எரிந்தது.

உள்ளே கோமளம் காத்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கழுவப் போனவளுக்கு மோப்பம் தெரியாதா?

"ஏன்னா, நம்மாத்து தீபாவளி எண்ணெய் வாசனை வர்றதே, அதுல?"

அவர் கையை விரித்துக் காட்டினார்.

"எண்ணெய் குடிச்ச நாயை விட்டுட்டு, எதிர்க்க வந்த நாயை அடிச்ச கதையான்னா ஆயிடுத்து! அவர்தான் பழியை ஏத்துண்டு போறார்னா, நீங்களும் பாத்துண்டு நின்னேளா?"

"மாப்ளே எதிர்க்க எப்படிடீ..."

"மாப்ளே எதிர்க்க மானம் போகக்கூடாது. அவருக்கு மானமே கிடையாதாக்கும்."

அன்று அவர் சாப்பிடவில்லை. ரசத்தில் மிதந்த மிளகைப் பார்த்ததும் இலையை மடித்துவிட்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நடந்தே கிளப்புக்குப் போனார். தலை போனாலும் சொல்லிவிடுவதென்று தீர்மானம். ரஹ்மான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். காரியதரிசிப் பேச்சு வந்ததும், அனந்தராமன் காலையில் நடந்ததை எடுத்துச் சொல்லி, "ரஹ்மானே ஒத்துண்டுட்டார், அந்த மட்டும் சந்தோஷம்" என்று முடித்து, வேறொருவர் பெயரைப் படித்தார்.

ஸ்ரீரங்கன் எழுந்தார்.

"வண்டியில ஒரு குறையும் இல்லை. பிரேக் தொட்டியில மிளகெண்ணெயை ஊத்திக் கெடுத்தவன் நான். ரஹ்மான்மேல பொய்ப்பழி போட்டவனும் நான். இதோ பாருங்கோ, மிளகு. தொட்டியிலேர்ந்து எடுத்தது."

கூட்டம் மிளகை எட்டிப் பார்த்தது. பிறகு அனந்தராமன் சிரித்தார்.

"மிளகு எந்த ஆத்துலதான் இல்லை, ஸ்ரீரங்கன்? காலம்பற நான் எதிர்க்கவே உக்காந்திருந்தேனே, அப்ப வாயைத் திறக்கலையே! சிநேகிதனைக் காப்பாத்தறதுக்காகத் தன்னையே முட்டாளாக்கிக்கறார், பாருங்கோ. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லை, சத்தியமா..."

கை தட்டல் அதை விழுங்கிவிட்டது. மாப்பிள்ளையும் எழுந்து நின்று தட்டினார். இந்தப் பெருந்தன்மையில் அவருக்குக் கண்ணே கலங்கியிருந்தது. ஸ்ரீரங்கன் கையில் மிளகை ஏந்திக்கொண்டு நின்றார். இதைவிட அவர்கள் அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வெளியே ஜட்காவில் ஏறப் போன ரஹ்மானை ஓடிப்போய்ப் பிடித்தார்.

"சொல்லிட்டேன்டா, ரஹ்மான். நம்ப மாட்டேங்கறாளே!"

ரஹ்மான் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

"காலையில சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்கடா, ரங்கா."

ஜட்கா ராயப்பேட்டைப் பக்கம் திரும்பியது.