அடுத்தவர் டேப்பை மூடக் கூடாது

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஈ, காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பார். பச்சை விழுந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அப்படிப்பட்டவரைப் பார்த்து கம்ப்யூட்டர், "உங்கள் சிஸ்டத்தைப் புதுப்பிக்க வேண்டும்" என்று சொன்னால் மாட்டேன் என்பாரா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் "சரி" என்ற பொத்தானை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் பிரவுசர் படுத்துவிட்டது.

ஒரேயடியாகப் படுத்திருந்தாலும் தேவலை. திறக்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம் நிற்கும். அப்புறம் "மன்னிக்கவும், எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடும். அண்ணன் மறுபடி திறந்தார். மறுபடி மன்னிப்புக் கேட்டது.

"ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா சரி. நாள் பூரா கேட்டா என்ன அர்த்தம்? கிளட்சை மிதிக்காம பிரேக்கை அமுக்குற பொண்ணு ஒண்ணு என்கிட்ட கத்துக்குது. அதுகூட இத்தனை தடவ கேட்டதில்ல" என்றார் அண்ணன்.

வீடே கூடத்தில் கூடிவிட்டது. அண்ணி, கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு வந்தாள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லார் முகத்திலும் கவலை. அண்ணனின் தம்பி சின்னவன் ஒருத்தனுக்கு மட்டும் உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த பிரவுசர் இனி எழுந்திருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு அவன் முகத்தை மட்டும் சோகமாக வைத்திருந்தான்.

காரணம் இருக்கிறது. அந்த பிரவுசருக்குள் ஒரு வாடகை வீடு திறந்து கிடந்தது.

சின்னவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அவனும் அவன் மனைவியும் தனிக்குடித்தனம் போவது என்று முடிவு செய்து கொஞ்ச நாளாகிறது. அண்ணனிடம் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. சண்டை சச்சரவு என்று ஏதாவது இருந்தால் அதைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிடலாம். இந்த வீட்டில் அந்த வசதி இல்லை. எல்லாரும் நல்லவர்கள். அவன் மனைவி ராத்திரி ஒரு டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் அண்ணி அதைக் கழுவித் துடைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல், அலமாரியில் அடுக்கியிருப்பாள். "எனக்கு ஒரு வீடு வேணும்ங்க. அதுல பாத்திரத்தைப் போட்டது போட்டபடி போட்டுட்டுத் தூங்கணும். எனக்காக யாரும் கழுவி வைக்கக் கூடாது" என்று அவள் கேட்டபோது, அதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் போய் எப்படி அண்ணனிடம் சொல்வது? அம்மா போன பிறகு அப்பா எதிலும் மனசு வைக்காமல் உட்கார்ந்துவிட, அவனுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டவர் அவர்தான்.

வீட்டை இணையத்தில் பார்த்தார்கள். அவனுடையது கீறல் விழுந்த போன். அதில் சமையலறை சரியாகத் தெரியவில்லை என்று, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூடத்துக் கம்ப்யூட்டரில் திறந்தார்கள். அண்ணி வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் வேறு டேப்புக்குத் தாவினான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அது கண்ணில் படவே இல்லை.

இங்கே இந்த வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா, முகம் தெரியாத ஒருவரோடு கம்ப்யூட்டரில் செஸ் ஆடுகிறவர். முன்பொரு முறை அவர் ஜெயிக்கப்போகும் கட்டத்தில் அண்ணி அந்த டேப்பை மூடிவிட்டாள். ஆட்டம் எங்கேயும் போகாது என்று எத்தனையோ எடுத்துச் சொல்லியும் அப்பா நம்பவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்றைக்கு அண்ணன் போட்ட சட்டம்: யாரும் அடுத்தவர் டேப்பை மூடக் கூடாது. அதன் பிறகு எது யாருடையது என்று தெரியாததால் யாரும் எதையும் மூடுவதில்லை. டேப்புகள் பெருகிப் பெருகி, பெயர்கூடத் தெரியாமல், தலைமுடி கணக்காக மெலிந்து நின்றன. சின்னவன் தன்னுடையதை அதற்குள் தேடித் தேடி அலுத்துவிட்டான்.

"அண்ணே, பழைய கம்ப்யூட்டர்தானே, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரலாம்" என்றான் இப்போது.

"பல்லு வலிச்சா தலையையா மாத்துவ?" என்றார் அண்ணன்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். புத்தம் புதுசாக வந்த பிரவுசர், பழைய டேப்புகள் அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கிய கடையின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் பேசினாள்.

"சார், எத்தனை டேப் திறந்திருக்கு?"

"எல்லாம் திறந்துதாம்மா இருக்கு."

"எல்லாம்னா?"

"வாங்கினதுலேருந்து."

அவள் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வேலை முடிஞ்சதும் மூட மாட்டீங்களா சார்?"

"யாரோடதுன்னு தெரியாம எப்படிம்மா மூடுறது?"

அவள் நல்ல பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். பழைய சிஸ்டம், எந்த டேப்பைத் தொடுகிறோமோ அதை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்ததாம். இப்போது வந்தது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பப் பார்த்து மூச்சு முட்டிப் போகிறதாம். "ஒரேயடியா எல்லாத்தையும் துடைச்சிரலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை."

"அதையே பண்ணிருங்கண்ணே!" என்றான் சின்னவன். போட்ட கூச்சலில் அண்ணி தட்டைத் தவறவிடப் பார்த்தாள்.

"அப்ப என் ஆட்டம்?" என்றார் அப்பா. குரல் இப்போதே பட்டினிக்குத் தயாராகிவிட்டது.

வேறு வழி உண்டா என்று அண்ணன் கேட்க, அந்தப் பெண் சொன்னாள்: மோடத்தை அணைத்துவிட்டுத் திறந்தால் எந்தப் பக்கமும் உள்ளே வராது, பெயர் மட்டும் தெரியும், பிரவுசரும் நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மூடிக்கொண்டு போகலாம். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முறைப்படி செய்கிற வேலை என்றால் அவருக்கு உயிர்.

"எல்லாரும் உட்காருங்க. நான் படிப்பேன். யாரோடதோ அவங்க கையைத் தூக்கணும். மூடலாம்னு சொன்னாத்தான் மூடுவேன்."

சின்னவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வீட்டுக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அண்ணனிடம் பக்குவமாகப் பேச்சை எடுக்கலாம் என்று நினைத்திருந்தான். இதென்னடா என்றால் அவரே ஊர்க்கூட்டம் போட்டு, பெயரைப் படித்து, இது யாருடையது என்று கேட்கப்போகிறார். அதற்குக் கையைத் தூக்குவதா? பக்கத்தில் இருந்த மனைவி அவன் தொடையைக் கிள்ளி, "இப்பவே சொல்லிருங்க" என்று முணுமுணுத்தாள்.

"இரு, இரு" என்றான்.

அண்ணன் ஆரம்பித்தார். "எதிர்வீட்டு நாய் ஓயாமல் குரைத்தால் என்ன செய்வது?"

"என்னோடது. மூடிருங்க. அது இப்பல்லாம் நம்ம வீட்டுலதான் சாப்பிடுது" என்றாள் அண்ணி.

"முதுமையிலும் கட்டுடல்."

அப்பா கையைப் பாதி தூக்கினார். "படிச்சேன். செஞ்சு பாக்கல. மூடிரு."

"கோபத்தைக் குறைக்க எளிய வழிகள். யாரு இது?"

"நான்தான். உங்களுக்காகப் பார்த்து வச்சேன்" என்றாள் அண்ணி.

"எனக்கு எங்கடி கோபம் வருது?" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அடுத்ததைப் படிக்கும்போது அவருடைய குரல் இறங்கியது. "மாணவர்கள் நம்மைக் கண்டு பயப்படுகிறார்களா?" யாரும் கை தூக்கவில்லை. அவரே மெதுவாகத் தூக்கி, அவரே மூடினார்.

இப்படியே போனால் தன்னுடையது வந்துவிடும் என்று சின்னவன் நெளிந்தான். மேசைக்கு அடியில் சுவிட்ச் பலகை. மோடத்தின் சுவிட்ச் அவனுடைய வலது காலுக்கு எட்டும் தூரம்தான். கட்டைவிரலால் தட்டினான். இணையம் வந்தது. பிரவுசர் எல்லாவற்றையும் ஒரே வாயாக விழுங்கப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. மோடத்தை அணைத்துத் திரும்பத் திறந்தால், மூடியவற்றில் பாதி உயிரோடு வந்து உட்கார்ந்திருந்தன.

"எதிர்வீட்டு நாய்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் மறுபடி ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை அவன் காலை நீட்டியபோது அப்பாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார்.

"டேய், உன் கட்டைவிரல் எங்கே இருக்கு?"

"கால் மரத்துப் போச்சுப்பா."

"மரத்துப் போன கால் சுவிட்ச் போடுமா?" என்றாள் அண்ணி.

கையும் களவுமாக, இல்லை, காலும் களவுமாக மாட்டிக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் திட்டுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் திட்டவில்லை. தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "இங்க வா. ரெண்டு காலையும் மேல தூக்கிச் சம்மணம் போட்டு உட்காரு."

தன்னிடம் வண்டி கற்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரல். சின்னவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இனித் தப்பிக்க வழி இல்லை. திரைக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், அடுத்து வருவதை அண்ணன் வாய் திறப்பதற்கு முன்பே அவனால் படிக்க முடிந்தது. நாய் போனது. கட்டுடல் போனது. அப்பாவின் ஆட்டம் எந்த முகவரியில் இருக்கிறது என்று அண்ணி தட்டின் மேல் ஒரு தாளை வைத்து எழுதி அவர் கையில் கொடுக்க, அவர் மனசே இல்லாமல் "சரி" என்றார். அப்புறம் திரையில் அது வந்தது.

"வாடகைக்கு: மாடி வீடு, இரண்டு அறை, தனி வாசல்."

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மூச்சு இழுத்து விட்டான். அண்ணன் குரல் கேட்டது: "மழைக்காலத்தில் செருப்பைக் காய வைக்க..."

"அது என்னோடது, மூடிருங்க" என்றாள் அண்ணி.

கண்ணைத் திறந்தான். அண்ணன் அந்த டேப்பைப் படிக்கவில்லை, மூடவில்லை, தாண்டிப் போயிருந்தார். பார்க்காமல் விட்டிருப்பாரோ? சிவப்பு விளக்கைப் பார்க்காமல் விடுகிற ஆளா அவர்? அவர் முகத்தைப் பார்த்தான். அது திரையைவிட்டு இப்படி அப்படித் திரும்பவில்லை.

மற்றவை எல்லாம் மூடியானது. அண்ணன், "போடுறா சுவிட்சை. கையால போடு" என்றார். போட்டான். பிரவுசர் திறந்தது. நின்றது. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு டேப்தான் இருந்தது. அதில் வெள்ளை ஓடு பதித்த ஒரு சமையலறை, திரை முழுக்க வந்து நின்றது.

அண்ணி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். சின்னவனின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே..."

"சொல்லு."

"நாங்க..." மனைவியைப் பார்த்தான். "நாங்க தனியாப் போலாம்னு இருக்கோம். உங்க மேல ஒரு குறையும் இல்ல. சத்தியமா இல்ல. சொல்லத்தான் தைரியம் வரல."

"தெரியும். நீ திறந்து வச்ச மறுநாளே என் கண்ணுல பட்டுச்சு. நீயா வந்து சொல்லுவ, சொல்லுவன்னு பார்த்தேன். இன்னைக்கு உன் காலைப் பார்த்ததும், சரி, இவனுக்கு இதை விட்டா வேற வழி இல்லன்னு தோணுச்சு."

"தெரிஞ்சும் ஏண்ணே ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ போகலன்னு சொல்லிருவே." அண்ணன் மவுஸைத் துடைத்தார், அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. "வீட்டை வெளியிலேருந்து பார்த்தேன். கத்துக்குறவங்களை அந்தத் தெருவுக்கே கூட்டிட்டுப் போயி ரிவர்ஸ் எடுக்க விட்டேன், தினமும். கீழ் வீட்டு அம்மா, ‘ஊருல வேற தெருவே இல்லையா’ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. நல்ல வீடுதான். காத்து வரும். தெருதான் ரொம்பக் குறுகல்."

அண்ணி சின்னவனின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

"வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிட்டியா?" என்று அண்ணன் கேட்டார்.

"இன்னும் இல்லண்ணே. சாயங்காலத்துக்குள்ள கேட்டிருக்காரு."

"அப்ப போன் பண்ணு. இப்பவே பண்ணு, என் முன்னாலயே பண்ணு." அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "சாமான் ஏத்துறதுக்கு லாரிக்காரன் எவனையும் கூப்பிடாத. அந்தத் தெருவுல ரிவர்ஸ் எடுக்க எவனுக்கும் வராது. நான்தான் ஓட்டுவேன்."

சின்னவன் கீறல் விழுந்த போனை எடுத்து எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடிக்கிற வரைக்கும் அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.