மோனிகாவின் லாகின்

வேலையை விடுகிறேன் என்று மோனிகா சொன்னபோது மழைக்காலம். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தார் இளகும் வெயில். அவள் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கணவன் ஸ்டீவனுக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அங்கே ஒற்றை அறையில் அவன், கவரைப்பேட்டை வாடகை வீட்டில் இவள். மேலாளர் முனிகிருஷ்ணனைக் கேட்டால் ஒரே பதில்தான்.

"ஆளு ரெடி பண்ணிட்டுப் போம்மா. யாரு வேணாங்கறா?"

யாரை ரெடி பண்ணுவது? அது இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை. சரக்கு ஏற்றிய லாரி எதுவும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போக முடியாது. பாஸை அச்சடித்துத் தருவது மோனிகா கவனித்துவந்த ஒரு வெப்சைட். அதற்குப் பின்னால் ஷெல் ஸ்கிரிப்டுகள் குவிந்து கிடந்தன. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடும் சின்னச் சின்ன நிரல்கள் அவை. பாதி, முன்பு இருந்தவர் எழுதியவை. மீதி, வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க மோனிகாவே அவசரத்தில் போட்ட முடிச்சுகள். எந்த முடிச்சை இழுத்தால் எது அவிழும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குப் பதிலாக வந்த ஒருவன் ஒரு வாரம் அவற்றைப் பார்த்துவிட்டு, சாப்பிடப் போனவன் திரும்பி வரவேயில்லை.

அந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. புது சர்வர் வாங்குகிறோம், எல்லாவற்றையும் கன்டெய்னருக்கு மாற்றுங்கள், ஓப்பன் சோர்ஸ் கருவிகளில் எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று. மோனிகாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ திறந்தது போலிருந்தது. கன்டெய்னர் என்றால் ஒரு மென்பொருளுக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுவது. பெட்டியை எங்கே வைத்தாலும் ஓடும், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால், அவள் போகலாம்.

கேட் செக்யூரிட்டி எபினேசருக்கு மட்டும் அது புரியவில்லை. "கன்டெய்னர் வருதாமே, எங்க மேடம் இறக்கப் போறாங்க? யார்டுல எடமே இல்ல" என்றார். மோனிகா நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

டாக்கர், பாட்மேன் என்ற இரண்டு கன்டெய்னர் கருவிகளையும் பழைய கணினி ஒன்றில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். டாக்கர் ஊருக்கே தெரிந்தது. ஏதாவது சிக்கல் என்றால் இணையத்தில் ஆயிரம் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்கு இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடும் பின்னணியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்மேனுக்கு அது வேண்டாம், சாதாரண லாகினிலேயே ஓடும். தணிக்கைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று பாட்மேனை எடுத்தாள். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஃபிஷ் தட்டச்சு செய்ய இதமாக இருந்தது, ஆனால் பழைய ஸ்கிரிப்டுகளை அது ஓட்டாது. அதனால் பழைய பாஷ் ஷெல்லே இருக்கட்டும் என்று விட்டாள். ஸ்கிரிப்டில் தப்பு கண்டுபிடிக்கும் ஷெல்செக்கை ஓட்டியபோது திரை முழுக்க எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி வந்தால் பாஸ் ஏன் அச்சாகாமல் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடாமல் விட்டவள் அவளேதான்.

எல்லாம் மாற்றிய பின் வெப்சைட் புது சர்வரில் நன்றாகவே ஓடிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் தங்கை ஏஞ்சலுக்கு நிச்சயதார்த்தம். சனிக்கிழமை வேலை முடிந்ததும், எப்போதும் திறந்தே கிடக்கும் தன் லாகினை மூடி, திரையை அணைத்து, சர்வர் அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினாள். மறுநாள் பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்த நேரத்தில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"மேடம், பாஸே வரல. வண்டியெல்லாம் ரோடு வரைக்கும் நின்னுக்கினு கீது. டிரைவருங்க கத்தறாங்க" என்றார் எபினேசர்.

"ஆந்திரா போற வண்டி நைனா, சொல்லு அந்தம்மாகிட்ட" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து அந்த சர்வரைத் தொட முடியாது. மோதிரம் மாற்றுவதைக்கூடப் பார்க்காமல் பட்டுப்புடவையோடு ரயிலேறினாள். ஏஞ்சல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறையைத் திறந்து லாகின் செய்தாள். வேறொன்றும் செய்யவில்லை. அவ்வளவுதான், வெப்சைட் தானாக எழுந்து நின்றது. மோனிகாவுக்குச் சந்தேகம் தட்டியது. வெளியேறிப் பார்த்தாள். நின்றுபோனது. மறுபடி உள்ளே வந்தாள். ஓடியது. பெட்டிகள் எல்லாம் அவள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வெளியேறினால் அவள் பெயரில் ஓடுவதையும் சர்வர் நிறுத்திவிடும். இத்தனை நாளாக லாகினை மூடாமலே இருந்ததால் வெளியே தெரியாமல் போயிருக்கிறது. புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை முனிகிருஷ்ணன் சந்தோஷமாகவே இருந்தார். "பாத்தியா? நீ எழுந்து போனா கேட்டே நின்னுடுது. உன்ன எப்பிடிம்மா உடறது?" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்குக்கூட விடுப்பு தரமாட்டார் என்று பேர் வாங்கிய வார்ப்படப் பிரிவு மேலாளரைப் போலக் கத்துகிறவரும் இல்லை. சிரித்தே பிடித்து வைப்பார்.

'நான் போன பிறகும் ஓடு' என்று சொல்ல ஒற்றை வரிக் கட்டளை போதும். ஆனால் அப்போதும் அது அவள் பெயரில்தான் ஓடும். அது அவளுக்கு வேண்டாம். யார் பெயரும் இல்லாமல், சரக்கு அனுப்பும் பிரிவுக்கென்று ஒரு கணக்கைத் திறந்து பெட்டிகளை அதற்கு மாற்றினாள். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி அந்த ஒற்றை வரியையும் அங்கே கொடுத்தாள். பிறகு பில் போடும் பூமிகாவைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு எண்களைத் தட்டிக்கொண்டிருந்த பெண்.

"எனக்கு வருமா அக்கா? பயமா கீது."

"எனக்கும்தான் பயமா இருந்திச்சு. ஒக்காரு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இருவரும் ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். "இத்த ஏன் இப்பிடி எழுதினீங்க?" என்று பூமிகா கேட்கும்போது சில வரிகளுக்கு மோனிகாவிடமே பதில் இல்லை. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். ஒருநாள் மோனிகா வேண்டுமென்றே போனை மேசையில் விட்டுவிட்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தாள். திரும்பி வந்தபோது சைட் ஒரு தடவை நின்று, பூமிகா கையால் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

அதை முனிகிருஷ்ணனிடம் சொன்னாள்.

"பிரமாதம்மா! இதே மாதிரி தேர்வாய்கண்டிகை யூனிட்டுக்கும் பண்ணிக் குடுத்துடு. அப்பறம் தாராளமா போ."

மோனிகாவுக்குப் புரிந்துவிட்டது. இதற்குப் பிறகும் ஒரு யூனிட் இருக்கும். அதற்குப் பிறகும் ஒன்று. "ஒரு நிமிஷம் வாங்க சார்" என்று அவரையும் பூமிகாவையும் சர்வர் அறைக்கு அழைத்துப் போனாள். தன் லாகினிலிருந்து வெளியேறினாள். முனிகிருஷ்ணன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி கேட்டைப் பார்த்தார். பாஸை வாங்கிக்கொண்டு ஒரு லாரி சாவகாசமாக நகர்ந்தது.

"பூமிகா, என் பேர எடுத்துடு."

பூமிகா அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நிர்வாகி கணக்கிலிருந்து கட்டளையை அடித்தாள். சர்வரில் மோனிகா என்று ஒருத்தி இல்லாமல் போனாள்.

"இன்னா பண்ற? நாளைக்கு எதனா ஆச்சுன்னா ஓசூர்லேந்து எப்பிடிப் பாப்ப?" என்றார் முனிகிருஷ்ணன்.

"பாக்க முடியாது சார். பூமிகா பாப்பா. அவள சிஸ்டம்ஸுக்கு மாத்திக் குடுங்க."

"நான் இன்னும் ரிலீவிங் ஆர்டர் குடுக்கலியே."

"நோட்டீஸ் எப்பவோ முடிஞ்சிடுச்சு சார். வெள்ளிக்கிழமையோட நான் வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், வெளியே போனார். கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மோனிகா வராண்டாவுக்கு வந்து ஸ்டீவனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு ரூம் ஊடா பாரு."

"உட்டுட்டாரா? இன்னா சொன்னாரு?"

"ஒண்ணியும் சொல்லல. நீ பாரு."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் மேசையிலிருந்த கணினி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுக்கொண்டு நின்றது. அடிக்க அவளிடம் எதுவும் இல்லை. கம்பெனி பஸ் ஷிஃப்ட் முடிந்துதான் வரும். அதுவரை செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல், சும்மா இருந்து பழக்கமில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.