மழையக்காவுக்கு விரல் மடங்காத நாட்கள்

மழையக்காவின் வாய் ஓய்ந்தாலும் கை ஓயாது. கட்டிக்கொண்ட மனிதருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எல்லாம் கைப்பேச்சுதான். அவளுக்கு அது புதிதும் இல்லை. அவள் தம்பிக்கும் காது கேட்காது, அந்தத் தம்பியின் கூட்டாளிதான் இவர். முதல் சந்திப்பிலேயே அவள் கை பொழிந்த பொழிவைப் பார்த்துவிட்டு, பத்து விரலையும் மேலிருந்து கீழே உதறிக் காட்டி ‘மழை’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். அதுவே ஒட்டிக்கொண்டு, தெருவுக்கே அவள் மழையக்கா ஆனாள். அவர் எல்லாருக்கும் மெக்கானிக்.

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை அவர்களுடையது. முன்னறை கடை, பின்னறை வீடு. ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். வருகிறவர்கள் மெஷினின் நோவை அக்காவிடம் சொல்வார்கள், அக்கா கையால் மெக்கானிக்குக்குச் சொல்வாள். சொன்னதை மட்டும் சொன்னால் அவள் மழையக்காவா? ‘சுத்தும்போது தடதடங்குது’ என்று ஒருவர் சொன்னால், தடதடப்போடு அவர் சட்டையில் பட்டன் மாறிப் போயிருப்பதும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகமாக இருப்பதும் சேர்ந்தே போய்ச்சேரும். மெக்கானிக் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அதற்குமேல் அவர் பேச இடம் கிடைத்ததில்லை, பாவம்.

இப்படி இருந்த கைக்குத்தான் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் ஒவ்வொன்றும் வீங்கி விறைத்துக் கிடக்கும். குழாயை முழங்கையால் திறப்பாள், பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பல் தேய்ப்பாள். ஒரு வலி மாத்திரை போட்டால் கடை திறக்கும் நேரத்துக்கு விரல் வழிக்கு வரும். நாளாக ஆக ஒன்று போதவில்லை, இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். விரலுக்குப் போட்ட மாத்திரை வயிற்றில் போய் வம்பு வளர்த்தது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடமுடா சத்தம். ஒரு தடவை மெஷினை எடுத்துப்போக வந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு, “அக்கா, உள்ள இன்னும் தண்ணி ஓடுது போலிருக்கே” என்றார். அக்கா அசரவில்லை. “வடிஞ்சிரும், எடுத்துட்டுப் போங்க” என்று அனுப்பிவைத்தாள். தெருவுக்கே கேட்ட சத்தம் கூடவே இருந்தவருக்கு மட்டும் கேட்கவில்லை. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

மூட்டு டாக்டரம்மாவைப் பார்க்க இருவரும் சேர்ந்துதான் போவார்கள். இந்தத் தடவை வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த படத்தை மேசையில் வைத்துவிட்டு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்:

“வயித்துல புண் இருக்கும்மா. இந்த வலி மாத்திரையை இன்னையோட நிறுத்திடணும். இப்படியே போட்டா ரத்தம் கசிய ஆரம்பிச்சிடும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். வாதத்துக்கு வேற மருந்து தரேன், வயித்துக்கும் தரேன். ஆனா வாதத்து மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் விரல் கொஞ்சம் படுத்தும். பொறுத்துக்கணும். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க, அவருக்கும் தெரியட்டும்.”

அக்கா மெக்கானிக் பக்கம் திரும்பினாள். கை சொன்னது இவ்வளவுதான்: “எல்லாம் நல்லா இருக்காம். காரம் குறைக்கணுமாம்.”

“அவ்வளவையும் சொல்லிட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“சுருக்கமா சொன்னேன் டாக்டர்” என்றாள், வாழ்நாளில் எதையும் சுருக்கமாகச் சொல்லியிராத மகராசி. மெக்கானிக் எழுந்து டாக்டரம்மாவுக்குக் கும்பிடு போட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கமாட்டாமல் அக்கா மருந்துச் சீட்டை மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஆனாலும் பழைய மாத்திரையை நிறுத்தவில்லை.

ஒரு மத்தியானம். கடையைச் சாத்திவிட்டு இருவரும் பின்னறையில் சற்றுக் கண்ணயர்ந்தார்கள். தூக்கத்தில் புரண்ட மெக்கானிக்கின் கை அவள் வயிற்றில் விழுந்தது. விழுந்த கை அப்படியே நின்றது. எந்த மெஷின் வந்தாலும் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிற ஆள் அவர். பேரிங் போயிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அந்தக் கைக்குத் தெரியும். இங்கே உள்ளே என்னவோ உருண்டது, நின்றது, மறுபடி உருண்டது. அவர் அழுத்திப் பார்த்தார். தூக்கத்திலேயே அவள் முகம் சுருங்கியது.

அவளை எழுப்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனார். போனில் தட்டிக் கேட்டார். டாக்டரம்மாவும் தட்டிப் பதில் சொன்னார், இந்தத் தடவை நடுவில் ஆள் இல்லாமல்.

திரும்பி வந்தவரின் கை வாசலிலேயே சத்தம் போட்டது. ஆமாம், கையும் சத்தம் போடும், தோளிலிருந்து வரும்.

“ஏன் மாத்திச் சொன்னே? டாக்டர் சொன்னதை ஏன் மாத்திச் சொன்னே? என்னை என்ன கேணையன்னு நெனச்சியா? நான் அங்க கும்பிடு போட்டுட்டு வரேன், உனக்கு உள்ள புண்ணு!”

அவர் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பழைய அட்டைகளை அள்ளியதும் அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விட்டால்தானே பேச முடியும்? விட்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“இதை நிறுத்தினா என் விரல் மடங்காதுங்க. மடங்கலன்னா உங்ககிட்ட எப்படிப் பேசுவேன்? இந்த வீட்டுல நம்ம கைதானே பேசுது. அதுவும் போனா ரெண்டு பேரும் எதிரெதிரே சுவரு மாதிரி உக்காந்திருக்கணும். எனக்கு அதுதான் பயம். வயித்து வலி பயமில்ல.”

மெக்கானிக்கின் கோபம் பொசுக்கென்று இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை இப்போது மெல்லப் பேசியது.

“முப்பது வருஷமா நீயே பேசிட்டிருக்கே. என்னைக்காவது எனக்கு எடம் விட்டிருக்கியா? நீ கொஞ்ச நாள் சும்மா இரு. நான் பேசுறேன்.”

மாத்திரை குப்பைக்குப் போனது. அடுத்த வாரமே அக்காவின் விரல்கள் அவித்த கிழங்கு மாதிரி மடியில் கிடந்தன. வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரவிக்கைக் கொக்கியை அவர் மாட்டிவிட்டார், தலையை அவர் வாரிவிட்டார், வகிடு மட்டும் ஒரு நாளும் நேராக வரவில்லை. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, காரமில்லாமல், ஊட்டிவிட்டார். கடைக்கு வந்தவர்கள் தங்கள் மெஷினின் கோளாறைத் தாங்களே உடம்பைக் குலுக்கிக் காட்டவேண்டியதாயிற்று. கனத்த ஆசாமி ஒருவர் கடை நடுவில் நின்று தடதடவென்று ஆடிக் காட்டியபோது அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விலாப் பிடித்துக்கொண்டது.

மெக்கானிக் பேசினார். அடேயப்பா, என்ன பேச்சு! பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவின் நடையை வைத்தே அன்றைக்கு அவள் யாரோடு சண்டை போட்டாள் என்று சொன்னார். சின்ன வயதில் அம்மா திட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு தப்பித்த கதையைச் சொன்னார். அவள் தம்பி இவரிடம், ‘யோசிச்சுக்கோ, எங்கக்கா விடமாட்டா’ என்று எச்சரித்ததைக்கூடச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இந்த மனிதரை முழுசாகக் கேட்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. புதிய மருந்து ஒருபக்கம் தன் பாட்டுக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வயிறு அடங்கிவிட்டது, விரல்தான் இன்னும் மசியவில்லை.

ஒரு காலையில் அவளுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தவர், கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நம்ம பொண்ணு நடை பழகினப்போ, நான் வெளிய கிளம்பினா பின்னாலயிருந்து ‘அப்பா’ன்னு கூப்பிடுவாளாமே. நான் திரும்பவே மாட்டேனாம். நீதான் சொன்னே. அப்புறம் அவளும் கைப்பேச்சுக்கு மாறிட்டா. அது எப்படி இருக்கும், அவ கூப்பிட்டது?”

அக்கா ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் அளந்தாள், அந்தக் குரலைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லையே! பதறிக் கையைத் தூக்கினாள். விரல் அசையவில்லை. அசைந்திருந்தாலும் அதற்குக் கையில் வார்த்தை ஏது?

மணிக்கட்டால் அவர் கையை இழுத்தாள். அந்த உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து, மேலே தாடையை அழுத்திக்கொண்டாள். மூச்சை முட்ட இழுத்து, ஒன்றரை வயதுக் குழந்தை தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

“அப்ப்பா…!”

தையல்காரம்மா கையில் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். “என்னக்கா! என்ன ஆச்சு? மறுபடியும் வயிறா?”

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். மெக்கானிக்கின் கண் கலங்கி வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. மற்றக் கையின் ஒற்றை விரலைத் தூக்கி, இன்னொரு தடவை என்றார்.

தையல்காரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மழையக்கா மறுபடி மூச்சை இழுத்தாள்.