புங்கமரத்தடி டபுள்ஸ்

இப்போது ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அது குற்றம். பஞ்சாயத்தில் வரி கட்டி வாங்கிய லைசென்ஸ் தகர வில்லை சைக்கிளில் தொங்க வேண்டும், பின் மட்கார்டில் வெள்ளை அடித்திருக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் விளக்கு எரிய வேண்டும். இத்தனையும் ஒழுங்காக இருந்து, கேரியரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போச்சு. டபுள்ஸ்! லாரிக்காரன் கையை நீட்டாமல் திரும்பினாலும் கண்டுகொள்ளாத போலீஸ்காரர்கள், டபுள்ஸைக் கண்டால் மட்டும் விசிலை எடுத்துவிடுவார்கள்.

கும்மிடிப்பூண்டி பெரிய ரோட்டு முக்கில் நின்ற ஏட்டு துளசிராமன் கோர்ட்டு, கேஸ் என்று யாரையும் அலைய விடமாட்டார். சக்கரத்தின் வால்டியூப்பைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காற்று புஸ்ஸென்று போய்விடும். "தள்ளிக்கினு போ நைனா, ஒடம்புக்கு நல்லது" என்பார். அந்தச் சட்டைப் பையில் எத்தனை பேருடைய மூச்சு இருந்ததோ!

வரதனும் செண்பகமும் தினமும் காலையில் அந்த முக்கைத் தாண்டித்தான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். அப்போதுதான் எஸ்டேட்டில் ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேருடைய அப்பன்மாரும் அடுத்தவர் கழனியில் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். இவர்கள் காலத்தில்தான் சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போகிற வாழ்க்கை வந்தது. வரதன் கம்பி இழுக்கும் கம்பெனியில் டெம்ப்ரவரி. அவன் மனைவி செண்பகம் பக்கத்து ஷெட்டில் சோப்புக்குக் காகிதம் சுற்றினாள். இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள்.

முக்குக்கு முன்னால் ஒரு மதகு. அங்கே செண்பகம் இறங்கிவிடுவாள். வரதன் மட்டும் யோக்கியமாக மிதித்துக்கொண்டு ஏட்டைத் தாண்டிப் போய், வளைவுக்கு அப்பால் இருந்த புங்கமரத்தடியில் காத்திருப்பான். இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்கிற தந்திரம் துளசிராமனுக்குத் தெரியாததல்ல. ஜோடி என்று தெரிந்தால் பின்னாலேயே வந்து பிடிப்பார். ஆகவே மதகிலிருந்து மரம் வரை இரண்டு பேரும் யாரோ எவரோ. செண்பகம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தச் சைக்கிளுக்கும் தனக்கும் ஏழு ஜென்மத்திலும் சம்பந்தமில்லை என்பதுபோல் நடந்து வருவாள்.

மரத்தடிக்கு வந்த பிறகும் அந்த நடிப்பை விடமாட்டாள்.

"ஏம்பா, எஸ்டேட் பக்கமா போற?"

"ஆமா, அதுக்கு இன்னா?"

"கால் நோவுது. என்னையும் ஏத்திக்கினு போறியா?"

"ஊரு பேரு தெரியாத பொம்பளைய எப்படி ஏத்துறது? உன் ஊட்டுக்காரன் பார்த்தா?"

"அது ஒரு சோம்பேறி. எந்த மரத்தடியில குந்திக்கினு கீதோ."

பெண் பார்க்கப் போன அன்று இவனும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பாக்கியை அவர்கள் புங்கமரத்தடியில் தினம் தினம் பேசித் தீர்த்தார்கள். ஒரு பெண் தானாக வந்து தன்னிடம் கேட்கிறாள் என்பது வரதனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த நிமிஷத்துக்காகவே அவன் காலையில் சீக்கிரம் எழுந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த விளையாட்டே ஒரு நாள் வினையாகிவிட்டது. கம்பெனியில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், மானேஜரே கேட்டில் நின்று ஆளைப் பார்த்து எடுப்பார் என்று சொல்லியிருந்தார்கள். வரதனுக்கு விடிந்ததிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னிக்கு வெளையாட்டு வேணாம், வந்தவுடனே ஏறிக்கோ" என்று சொல்லித்தான் மதகில் இறக்கிவிட்டான். ஆனால் மரத்தடியில் அவன் முகம் பேயறைந்தாற்போல் இருந்ததைப் பார்த்ததும் செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் சிரிக்க வைத்தால் தெளிவான் என்று நினைத்தாள்.

"ஏம்பா, பர்மனென்ட் ஆளா நீ? டெம்ப்ரவரி சைக்கிள்ல நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தானே தாங்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு முக்கு வரை போயிற்று. துளசிராமன் திரும்பிப் பார்த்தார்.

வால்டியூப் போய்ச் சேர வேண்டிய பைக்குப் போய்ச் சேர்ந்தது. வரதன் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனபோது மானேஜர் ஆளை எடுத்து முடித்து உள்ளே போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவன் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

"உன்னைச் சொமந்து சொமந்தே நான் உருப்படாம போனேன்."

மறுநாளிலிருந்து செண்பகம் கேரியரில் உட்கார்ந்தால் அவன் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள். மதகில் இறங்கினாள், நடந்து வந்தாள், மரத்தடியில் வாய் திறக்காமல் ஏறிக்கொண்டாள். அதுவரை யாரோ மாதிரி நடித்தவள் இப்போது நிஜமாகவே யாரோ ஆகிவிட்டாள். வரதனுக்குத் தான் சொன்னது தப்பு என்று தெரிந்தது, அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. ஆம்பிளை என்கிற வீம்பு வேறு.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "வர சனிக்கெழமை வேலை உட்டு அப்படியே மீஞ்சூருக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன். இனிமே அங்கேர்ந்தே ரயில்ல வேலைக்கு வந்துக்குறேன். யாரும் என்னைச் சொமக்கத் தேவையில்ல."

அப்போதாவது அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

அந்த வாரத்தில்தான் டீக்கடையில் அந்தச் செய்தி வந்தது. சைக்கிளில் டபுள்ஸ் போகலாமாம், அரசாங்கமே சொல்லிவிட்டதாம். கடையில் இருந்தவர்களுக்குத் தீபாவளிதான். "ஏட்டய்யா, இனிமே வால்டியூப்புக்கு எங்க போவீங்க?" என்று ஒருவன் துளசிராமனையே கேட்டான். அவர் டீயை ஊதிக்கொண்டே, "எனக்கும் பேஜாரு உட்டுது நைனா" என்றார். வரதனுக்கு ஆண்டவனே இறங்கி வந்து சமாதானம் பேசின மாதிரி இருந்தது. சண்டைக்குக் காரணமே அந்தச் சட்டம்தானே! சட்டம் போனால் சண்டையும் போய்விடும் என்று கணக்குப் போட்டான். வீட்டில் போய்ச் சொன்னதற்கு அவள், "ம்" என்றாள்.

சனிக்கிழமை காலை செண்பகம் தோளில் துணிப்பையோடு கேரியரில் ஏறினாள். மதகு வந்தது. வரதன் நிறுத்தவில்லை. ஏட்டுக்கு முன்னால் மணியை வேறு அடித்துக்கொண்டு கம்பீரமாகத் தாண்டினான். துளசிராமன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். பின்னாலிருந்து சிரிப்பு வரும் என்று வரதன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். வரவில்லை.

புங்கமரம் வந்ததும் அவன் கால் தானாகத் தரையில் ஊன்றியது. பழக்கதோஷம். திரும்பி ரோட்டைப் பார்த்தான். தினமும் அந்த வளைவில் முதலில் அவளுடைய முந்தானை தெரியும், அப்புறம் அடக்கிக்கொண்ட சிரிப்போடு முகம் தெரியும். இன்று வளைவில் யாரும் இல்லை. வர வேண்டியவள் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இனி எந்த நாளும் அந்த வளைவில் அவள் நடந்து வரப்போவதில்லை என்று உறைத்ததும் வரதனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு நின்ன?" என்றாள் செண்பகம்.

"எறங்கு. இதைப் புடி."

ஹேண்டில்பாரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே முக்கை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். விட்டுவிட்டே போகிறானோ என்று அவள் முகம் வெளுத்துவிட்டது. முக்கில் துளசிராமன், "இன்னா நைனா, சட்டம்தான் உட்ருச்சே, இப்ப எதுக்கு நடந்து பழகுற?" என்று கேட்டது இங்கே வரை கேட்டது. வரதன் திரும்பி நடந்து வந்தான். மரத்தடியில் வந்து நின்றான்.

"ஏம்மா, எஸ்டேட் பக்கமா போற?"

ஒரு லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தது.

"ஆமா."

"என்னையும் ஏத்திக்கினு போறியா?"

"ஊரு பேரு தெரியாத ஆம்பளைய எப்படி ஏத்துறது?"

"பேரு வரதன். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. பொண்டாட்டிய சொல்லக்கூடாத வார்த்தை சொல்லிட்டேன். எப்படித் திருப்பி வாங்குறதுன்னு தெரியாம சுத்திக்கினு கீறேன்."

செண்பகம் துணிப்பையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"கனமா இருப்பியே."

"இருப்பேன்."

"தெரியும். கண்ணாலம் ஆனதுலேர்ந்து சொமந்துக்கினுதான கீறேன். ஏறு."

அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவனைக் கேரியரில் உட்கார வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். நாலு அடி போனது. அப்புறம் சக்கரம் கோணிக்கொண்டு, சைக்கிள், அவன், அவள், துணிப்பை எல்லாம் மண்ணில். முக்கிலிருந்து விசில் பறந்தது. ஓடி வந்த துளசிராமன் இரண்டு பேரும் மண்ணில் கிடந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எந்தச் சட்டத்துல புடிக்கிறதுன்னே தெரியலையே" என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

சாயங்காலம் செண்பகம் சொன்னபடியே மீஞ்சூருக்குப் போனாள். ரயிலில் போகவில்லை. பொன்னேரி கடைத்தெருவில் ஒரு போலீஸ்காரரைக் கண்டதும் குதிக்கப் பார்த்தவளை, "உக்காரு, உக்காரு" என்று வரதன் அதட்டினான். அவள் சட்டென்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை மீஞ்சூர் வரை எடுக்கவில்லை. துணிப்பை ஞாயிற்றுக்கிழமையே அதே ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை காலை மதகு வந்தது. வரதன் நிறுத்தாமல் மிதித்தான். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"நிறுத்துயா" என்றாள் செண்பகம். "நான் எறங்கணும்."