கருகிய வெங்காயமும் கெச்சாப் முட்டையும்

பர்தியைக் கட்டிக்கொண்டு சுமிரா செமராங் நகரத்துக்கு வந்தபோது நிங்சிக்கு ஏழு வயது. பர்தியின் முதல் மனைவி யாத்மிக்குப் பிறந்தவள். விவாகரத்துக்குப் பிறகு யாத்மி பக்கத்து ஊரான உங்காரானில் ஒரு தையல் ஆலையில் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை அப்பாவிடமே தங்கிவிட்டது.

நிங்சி முரண்டு பிடிக்கிற பிள்ளையில்லை. சொன்னதைக் கேட்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் தகராறு.

"அம்மா செய்யற முட்டை வேணும்."

முட்டையைப் பொரித்து, சின்ன வெங்காயம், மிளகாய் வதக்கி, கெச்சாப் என்கிற இனிப்புச் சோயா சாஸை ஊற்றி ஒரு கொதி விட்டால் முடிந்தது. கைக்காசு தீர்ந்த நாளில் செமராங்கில் பாதி வீடுகளில் அதுதான் குழம்பு. சுமிராவும் செய்தாள். வெங்காயத்தைப் பொன்னிறமாக, பார்க்கவே அழகாக வதக்குவாள். நிங்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது இல்ல" என்று தட்டைத் தள்ளுவாள். சுமிரா பூண்டைக் கூட்டிப் பார்த்தாள், வெல்லம் போட்டுப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. பர்தியைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், போட்டதைத் தின்னேன்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமிரா யாரிடமும் சொல்லாமல் உங்காரானுக்கு மினிபஸ் ஏறிவிட்டாள்.

ஆலைக்குப் பின்னால் வரிசையாக வாடகை அறைகள். ஒரு வாசலில் யாத்மி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுமிரா தன் பெயரைச் சொன்னதுமே அவள் கையிலிருந்த சட்டை நழுவி விழுந்தது.

"புள்ளைக்கு என்ன?"

"ஐயோ, ஒண்ணுமில்ல அக்கா! நல்லாத்தான் இருக்கா. வந்து... முட்டை விஷயமா வந்தேன்."

"என்னது?"

சுமிரா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் யாத்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து புறங்கையால் கண்ணைத் துடைத்தவள், கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "உள்ள வா. ஆக்கித்தரேன், தின்னுட்டுப் போ" என்றாள்.

முட்டைகள் ஓரம் மொறுமொறுவெனப் பொரிந்தன. வெங்காயத்தை எண்ணெயில் போட்ட நேரத்தில் வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. யாத்மி குடத்தோடு ஓடினாள். சுமிரா கரண்டியை எடுக்கப் போனாள். இன்னொருத்தி அடுப்பு என்று கையை இழுத்துக்கொண்டாள். குடம் நிரம்பி யாத்மி திரும்பி வந்தபோது வெங்காயத்தில் பாதி கறுத்திருந்தது. அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் கெச்சாப்பைக் கவிழ்த்தாள்.

"அக்கா, கருகிடுச்சே!"

"எப்பதான் கருகாம இருந்துச்சு? எங்க அத்தை, அப்பாவோட அக்கா, குடுஸ் ஊருல சுருட்டுக் கம்பெனிக்குப் போனவங்க. சங்கு ஊதுறதுக்குள்ள ஆக்கி வச்சுட்டு ஓடணும். பவுடர் பூசிக்கிட்டே சமைப்பாங்க. அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். கருகலும் சேர்த்துத்தான் வந்துச்சு போல."

இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கசப்பும் இனிப்புமாக நாக்கில் ஏறிய சுவையை சுமிரா அன்றுதான் முதன்முதலில் அறிந்தாள். நிங்சிக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா, இன்னும் போர்வையை உதைத்துத் தள்ளுகிறாளா என்று யாத்மி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சுமிரா தன் வீட்டு அடுப்பில் வெங்காயத்தைப் போட்டாள். கருக விட மனசு வரவில்லை. கை தானாகக் கரண்டிக்குப் போனது. வேறு வழியில்லாமல் வாசலில் போய் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுல ஏதோ தீயுது பாரு!"

"தீயட்டும் அக்கா, தீயட்டும்."

அன்று பர்தி முதல் கவளத்தில் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். நிங்சி தட்டை வழித்துத் தின்றுவிட்டுக் கேட்டாள்:

"அம்மா வந்தாங்களா?"

"இல்லடா. நான் போயிருந்தேன்."

பிள்ளையின் முகம் சிவந்தது. "என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?"

முட்டையைப் பற்றி அத்தனை யோசித்த சுமிராவுக்கு இது தோன்றவேயில்லை. அடுத்த ஞாயிறு நிங்சியையும் அழைத்துக்கொண்டு மினிபஸ் ஏறினாள். திரும்பும் வழியில் பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். இறங்கும் இடத்தில் எழுப்பியபோது, "இன்னும் கொஞ்ச நேரம், சித்தி" என்றாள். அதுவரை அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

பிறகு எத்தனையோ ஞாயிறுகள் அப்படிப் போயின. இப்போது நிங்சி தூரத்திலுள்ள பாத்தாம் தீவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். யாத்மி இரண்டாவது கணவனோடு கடல் தாண்டி கலிமந்தானுக்குக் குடிபோய்விட்டாள். உங்காரானுக்குப் போக சுமிராவுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் குளித்துத் தலை சீவிக்கொண்ட பிறகு, எங்கோ கிளம்ப வேண்டியவள்போல் வாசலில் சிறிது நேரம் நிற்கிறாள்.