கதவுக்கு அந்தப் பக்கம் மழை

கதவுக்கு இந்தப் பக்கம் மார்கழி வெயில். அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது.

முதல் நாள் அதைக் காதுக் கோளாறு என்றுதான் நினைத்தேன். எழுபத்து நான்கு வயதில் காதுக்குள் என்னென்னவோ கேட்கும். எழுந்து போய் பால்கனிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சூடாக இருந்தது. கீழே சந்தில் ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் விரித்திருந்தார்கள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் என் பேத்தி சாதனா சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தம். நான் போட்ட சட்டம் அது. எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பிள்ளை புத்தகத்தைப் பார்க்கிறதா, புத்தகத்துக்குள் வேறு எதையாவது வைத்துப் பார்க்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? காதில் விழுந்தால் படிக்கிறது. விழாவிட்டால் ஏமாற்றுகிறது. என் மகன் ஜெயக்குமாரை அப்படித்தான் வளர்த்தேன். அவன் பி.காம். தேறவில்லை. இப்போது லேக் மார்க்கெட்டில் எங்கள் காபிப்பொடிக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அதற்கும் என் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன்.

இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவள் மருமகள் கல்யாணி ஒருத்திதான்.

"மாமா, அவ வாய்தான் படிக்குது. மண்டைக்குள்ள ஒண்ணும் போவல."

"ஒனக்கு என்னம்மா தெரியும் படிப்பப் பத்தி?"

"பிளஸ் டூ வரைக்கும் தெரியும். ஒங்களுக்கு?"

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது என்பது இந்தச் சந்து முழுக்கத் தெரியும். பேசாத நாளிலும் நாலு மணிக்கு என் காபி வந்துவிடும். டம்ளரை ‘ணங்’ என்று வைப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம் கல்யாணிக்கு டெங்கு வந்தது. ஆறே நாள். கேவடாதலா சுடுகாட்டில் வரிசையில் காத்திருந்து எரித்துவிட்டு வந்தோம். அதன் பிறகு நாலு மணிக் காபியை நானே போட்டுக்கொள்கிறேன். வாயில் வைக்க விளங்காது.

டிசம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு டெஸ்ட் பரீட்சை. சாதனா உயிரியலில் எழுபதுக்குப் பதினொன்று வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் ஜெயக்குமாரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமை ஒரு மறு டெஸ்ட். அதிலும் போனால் பிப்ரவரிப் பொதுப் பரீட்சைக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, ஒரு வருஷம் வீண். வீட்டுக்கு வந்ததும் சாதனா சொன்னாள்: "ஒரு வருஷம் போச்சுன்னா நான் திரும்ப ஸ்கூலுக்குப் போமாட்டேன். கடையில பொட்டலம் மடிக்கேன்." மிரட்டிச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயம்.

அவள் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். சாவி என் இடுப்பில். அவள் அறைக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை காவல் இருந்தேன்.

இரண்டாம் நாளும் அந்த மழை கேட்டது. நாலு மணி இருக்கும். படிப்புச் சத்தம் பாதியில் நின்றது. உள்ளே கல்யாணி பேசினாள்.

"ஏட்டி, நிறுத்து. புத்தகத்த மூடு. இப்பப் படிச்சத ஒன் வாயால சொல்லு பாப்போம்."

மழை மட்டும்.

"சொல்லு."

மழை.

"பாத்தியா? தாத்தாவுக்குப் பயந்து கத்துத. அவுகளுக்குச் சத்தம் போதும். ஒனக்குப் போதுமா?" லேசாகச் சிரித்தாள். "இரு, தாத்தாவுக்குக் காபி குடுத்துட்டு வாரேன்."

பிறகு காலடி. கல்யாணி நடந்தால் மெட்டி தரையில் தட்டும். டக், டக் என்று அது கதவை நோக்கி வந்தது. என்னை நோக்கி வந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. காலடி நின்றது. சாதனாவின் குரல் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியது.

நான் முட்டாள் இல்லை. போனாக இருக்கும் என்று மூன்றாம் நாளே தோன்றியது. பீரோவைத் திறந்து பார்த்தேன். சாதனாவின் போன் வைத்த இடத்தில் இருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. காரியம் முடிந்த பிறகு கல்யாணியின் பழைய போனை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

அப்போதே கதவைத் தட்டியிருக்க வேண்டும். கடைக்கு வருகிற மூட்டை ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்து வாங்கியவன் நான். பெற்ற மகன் சொன்ன கணக்கையே நம்பியதில்லை. இந்தக் கதவை மட்டும் திறக்கவில்லை. நாற்காலியை இரண்டடி கிட்டே நகர்த்திப் போட்டேன். மறுநாள் இன்னும் ஓரடி. நாலு மணிக்கு முன்னால் முகம் கழுவிக்கொள்ளத் தொடங்கினேன். காலடிச் சத்தம் வரும்போது எழுந்து கதவருகே போய் நிற்பேன். போன் என்று தெரியும். தெரிந்தும் வேட்டியைச் சரிசெய்துகொள்வேன். ஆறாம் நாள், "சொல்லு" என்றதற்கும் "பாத்தியா" என்றதற்கும் நடுவில் இருந்த மௌனம் முன்னைவிட நீண்டது போல இருந்தது. உள்ளே யாரோ நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருப்பது போல.

ஜெயக்குமாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனும் கடையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வான்.

இப்படி எட்டு நாள் போனது. மறு டெஸ்டுக்கு நாலு நாள் இருந்தது.

வியாழக்கிழமை மாலை கீழ்வீட்டு சிவராமகிருஷ்ணன் வந்தார். பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரங்குக் குல்லாய், மப்ளர், காலில் சாக்ஸ், எல்லாம் மாட்டியிருந்தார்.

"என்ன பரமசிவம், வாசல்ல காவலா? பேத்தி ஓடிடுவாளா?"

"பரீட்சை சார். படிக்கா."

காதைக் கொடுத்துக் கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். சிரித்தார். "பட்டாணிச் செடிப் பாடம். போன செவ்வாய் மாடிக்குத் துணி எடுக்க வந்தேன், அப்பவும் பட்டாணிதான். தினம் விதைக்கறாளே ஓய், முளைக்கவே இல்லையா?"

பாடம் எது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் படிப்பு நின்றது. உள்ளே கல்யாணி, "ஏட்டி, நிறுத்து" என்றாள்.

சிவராமகிருஷ்ணன் சிரித்த வாயை மூட மறந்துபோனார். கை மப்ளரைப் பிடித்தது. "பரமசிவம். அந்தப் பொண்ணு போய் மூணு மாசம் ஆச்சே."

"ஆமா சார்."

"உமக்கும் கேக்கறதா?"

"எட்டு நாளா."

"எட்டு நாளாக் கேட்டுண்டு உக்காந்திருக்கீரா?"

காலடி கதவை நோக்கி வந்தது. டக், டக். அவர் இரண்டடி பின்னால் போனார். "திறய்யா கதவை!" என்று கத்தினார். நான் திறந்தேன்.

கதவருகே ஒருவரும் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போவது போலக் கேட்டு அடங்கியது. சாதனா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் திறந்திருந்தது. ஜன்னல் திட்டில் கண்ணாடி விரிசல் விட்ட கல்யாணியின் போன். அதில் சாதனாவின் குரல் படித்துக்கொண்டிருக்க, அவள் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தபோதும் உதடு நிற்கவில்லை.

சிவராமகிருஷ்ணன்தான் போய்ப் போனை நிறுத்தினார். புத்தகத்தை எடுத்தார். "இத்தனை தடவை கேட்டிருக்கியே, ஒண்ணு சொல்லு. ரெண்டாம் தலைமுறையில எத்தனை நெட்டை, எத்தனை குட்டை?"

சாதனா விழித்தாள். "முதல்லேர்ந்து சொன்னா வரும் மாமா."

"முதல்லேர்ந்து வேண்டாம். கேட்டதுக்குச் சொல்லு."

"அப்படி வராது. முதல்லேர்ந்து சொன்னாத்தான்."

"சரி, சொல்லு."

சொன்னாள். இங்கிலீஷில் ஒரே மூச்சு, ஒரு தடங்கல் இல்லை. தினமும் ஓரிடத்தில் கேட்கிற இருமலைக்கூட அதே இடத்தில் இருமினாள். ஒரு வரியில் சட்டென்று நிறுத்தினாள். கதவைப் பார்த்துக் காத்திருந்தாள்.

கதவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சிவராமகிருஷ்ணன் புத்தகத்தைக் கட்டிலில் வைத்தார். "எனக்கு வேலை இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினார். வயதுக்கு அந்த வேகம் கூடாது.

"எப்படி இது?" என்றேன்.

"ஆகஸ்ட் மழையில பண்ணினேன் தாத்தா. ஒங்களுக்குச் சத்தம் வேணும்ல? அம்மா போன்ல ஒரு தடவ படிச்சு ரெகார்ட் பண்ணிட்டா, அதப் போட்டுட்டு என் போன்ல ரீல்ஸ் பாக்கலாம்னு." கொஞ்சம்கூட மறைக்காமல் சொன்னாள். "பாதியில அம்மா வந்துட்டா. தப்பாப் போச்சு, வேற பண்ணணும்னு நெனச்சேன். பண்ணல. அப்புறம் அம்மா..."

"எட்டு நாளா இதத்தான் போடுதியா?"

"பூஜையிலேர்ந்து."

"மத்த பாடம்?"

"அடுத்த பாடத்துக்குப் போனா அதுல அம்மா இல்ல தாத்தா."

என் கை ஓங்கியது உண்மை. இறக்கிக்கொண்டேன்.

"திருட்டுக் களுத. என்ன ஏமாத்தினியே."

"நீங்க ஏமாந்தீங்களா?" தலையைத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணியின் பார்வை. "கதவுக்கு அடியில ஒங்க காலு தெரியும். அம்மா பேசும்போது கிட்ட வருவீங்க. முடிஞ்சதும் போயிருவீங்க. ஒரு நாள் போடாம இருந்துரலாம்னு பாத்தேன். மூணே முக்காலுக்கே ஒங்க காலு வந்து நின்னுடுச்சு. பாவமா இருந்துது. போட்டேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையின் எட்டு நாளை நானும் சேர்ந்து தின்றிருக்கிறேன். ஒரு வருஷம் போகப்போகிறது, வாயிலில் காவல் இருந்தவனே திருடன்.

"போனக் குடு."

"அழிச்சிராதீங்க தாத்தா."

"எனக்கு அழிக்கத் தெரியாது."

வாங்கி, அவளையே அதை முழுசாக நிறுத்தித் தரச் சொல்லி, பீரோவில் மற்றப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். பிறகு, என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்தே பார்க்காததைச் சொன்னேன். "இனிமே சத்தம் வேண்டாம். எப்படிப் படிப்பியோ படி. நான் கேக்க வரமாட்டேன்."

வெள்ளியும் சனியும் அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் இல்லை. நாற்காலியைக் கூடத்து மூலைக்குக் கொண்டுபோய்விட்டேன். தூங்குகிறாளோ, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறாளோ, அழுகிறாளோ, ஒன்றும் தெரியாது. பத்துத் தடவையாவது எழுந்து பாதி வழி போய்த் திரும்பியிருப்பேன். கல்யாணி செத்த வீட்டில்கூட இவ்வளவு அமைதி இருந்ததில்லை. நாலு மணிக்குக் காபி போட்டேன். குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி தாண்டியிருக்கும். கல்யாணி பேசினாள்.

மழை இல்லை. குரல் மட்டும்.

"சரி, புத்தகம் மூடியிருக்கட்டும். ரெண்டாம் தலைமுறையில என்ன ஆச்சு?"

சாதனா திக்கித் திக்கிச் சொன்னாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், ஊடே வங்காளி.

"தப்பு. தெறந்து பாரு."

தாள் புரளும் சத்தம்.

"இப்பத் திரும்பச் சொல்லு. முதல்லேர்ந்து கெடயாது. நடுவுலேர்ந்து."

சொன்னாள். இந்தத் தடவை திக்கவில்லை.

இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தடவினேன். இருந்தது. பீரோவைத் திறந்தேன். இரண்டு போனும் கிடந்தன. கல்யாணியின் போனைக் கையில் எடுத்தேன். கறுப்பாக, குளிர்ந்து, செத்துக் கிடந்தது. அறைக்குள் கேள்வி நடந்துகொண்டேயிருந்தது. பட்டாணி முடிந்து வேறு ஏதோ பாடம். குளம், மீன், கொக்கு என்று என் காதில் விழுந்தது. அந்தப் போனில் இல்லாத பாடம். கல்யாணி உயிரோடு இருந்த நாளில் கேட்டிராத கேள்விகள்.

கதவுக்கும் எனக்கும் நடுவே பத்தடி. நான் போகவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு விளக்குப் போடாமல் இருட்டும்வரை பீரோ அருகிலேயே நின்றேன். ஆறு மணிக்கு சாதனா வெளியே வந்து, "தாத்தா, பசிக்குது" என்றாள். அவள் பசிக்கிறது என்று சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை எழுதினாள். புதன்கிழமை ஜெயக்குமார் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தான். எழுபதுக்கு இருபத்தெட்டு. இருபத்து மூன்று இருந்தால் தேர்ச்சி. அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள்.

"எல்லாம் நீங்க பக்கத்துல ஒக்காந்து படிக்க வெச்சதுதாம்ப்பா" என்றான் மகன்.

சாதனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவன் கடைக்குப் போன பிறகு கேட்டேன். "போன் வேணுமா?"

"இப்ப வேண்டாம். இன்னும் பன்னெண்டு பாடம் கெடக்கு."

பாடம் என்றால் இனி ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதிரிக் கேள்வி பதில்தான். உள்ளே கேள்வி கேட்டது யார் என்று அவளிடம் விசாரிக்கலாம். எழுபத்து நான்கு வருஷமும் எதையும் விசாரிக்காமல் விட்டவன் இல்லை நான். அவள் குரலே அம்மாவைப் போல மாறியிருக்கலாம். தானே கேட்டுத் தானே பதில் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது வரும்.

நான் விசாரிக்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.